“விரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று எழுதிக் கையெழுத்துப் போடும் முன்

பரஸ்பர சம்மத விவாகரத்து மனுக்களில் நகைப் பட்டியல் கிராம் கணக்கில் இருக்கும். பிள்ளைக்கு மட்டும் ஒரே வரி: “தந்தை விரும்பும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம்.” பிறகு சண்டை வெடிப்பது பெரும்பாலும் இந்த வரியில்தான். பரீட்சைக்கு முந்தின இரவும் வரலாமா? வாசலில் நின்று பார்ப்பதா, வெளியே கூட்டிப்போவதா? நாளும் நேரமும் எழுதாத நிபந்தனையை மீறிவிட்டார் என்று நீதிபதி முன் காட்டுவதும் கடினம்.

முதலில் ஒரு குழப்பம் தீர வேண்டும். பாதுகாவலர் என்பவர் பிள்ளையின் சொத்து, படிப்பு போன்றவற்றில் சட்டப்படி முடிவெடுப்பவர். கஸ்டடி என்பது பிள்ளை தினமும் யாருடன் வாழ்கிறது என்பது. கஸ்டடி தாயிடம் போனதாலேயே தந்தையின் பாதுகாவலர் நிலை போய்விடாது. 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் (மைனர்) சட்டத்தின் 6-ஆவது பிரிவு தந்தையை முதலில் சொல்லி, “அவருக்குப் பின்” தாய் என்கிறது. தந்தை உயிரோடிருந்தும் பொறுப்பில் இல்லாவிட்டால் தாயே இயற்கைப் பாதுகாவலர் (நீதிமன்ற நியமனம் இல்லாமலே பாதுகாவலர்) என்று கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. ஐந்து வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் என்பதும் அதே பிரிவுதான். ஆனால் “அஞ்சு வயசு தாண்டிட்டா பையன் அப்பாவுக்கு” என்பது வெறும் திண்ணைச் சட்டம். பிள்ளையின் நலனே முதன்மை என்கிறது 13-ஆவது பிரிவு. விவரம் தெரிந்த பிள்ளையை நீதிபதி தன் அறைக்கு அழைத்துப் பேசுவார். அதன் விருப்பத்தையும் கணக்கில் எடுப்பார். ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்து அனுப்பினால் அங்கே இரண்டே கேள்வியில் தெரிந்துவிடும்.

இனி நிபந்தனைகள். இப்படி எழுதலாம்: “ஒவ்வொரு மாதமும் முதல், மூன்றாம் சனிக்கிழமை காலை 10 மணிக்குத் திருப்பாதிரிப்புலியூரில் தாய்வழித் தாத்தா வீட்டில் தந்தை அழைத்துக்கொண்டு, ஞாயிறு மாலை 5 மணிக்கு அங்கேயே ஒப்படைப்பார்.” தந்தை வர முடியாவிட்டால் எத்தனை மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஈடாக எந்த வாரம் என்பதையும் சேர்க்க வேண்டும். பொங்கல் ஓராண்டு இவரிடம் என்றால் தீபாவளி அவரிடம். மறு ஆண்டு மாறும். கோடை விடுமுறையில் மட்டும் தேதி போடாதீர்கள். ஒருவர் கடலூரிலும் மற்றவர் புதுச்சேரியிலும் இருந்தால் இரு பக்கப் பள்ளி விடுமுறையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. “குழந்தை படிக்கும் பள்ளியின் நாட்காட்டிப்படி முதல் பாதி” என்று எழுதினால் சிக்கல் இல்லை. வீடியோ அழைப்புக்குக் கிழமை, நேரம், எவருடைய போன் என்பதும் வேண்டும். நேரில் பார்க்க முடியாத பெற்றோருக்குத் தொடர்பு உரிமை உண்டு என்று 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது.

பலர் மறப்பது டிசி. சொல்லாமல் டிசி வாங்கி வேறு ஊரில் சேர்த்த பிறகுதான் மற்றவருக்குத் தெரியவரும். பள்ளி மாற்றத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு என்று ஒரு வரி போதும்.

எங்கே மனுப் போடுவது? 1890-ஆம் ஆண்டு பாதுகாவலர் சட்டத்தின் 9-ஆவது பிரிவுப்படி, பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில். அவசரமாகத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டிவிட்டால் மறுநாளே அது “வழக்கமான” வசிப்பிடம் ஆகிவிடாது. கடலூர் தமிழ்நாட்டில், புதுச்சேரி தனி ஒன்றியப் பிரதேசம் என்றாலும் இரண்டுக்கும் மேல் சென்னை உயர் நீதிமன்றம்தான்; வழக்கை ஓரிடத்திலிருந்து மற்றதற்கு மாற்றக் கோரும் மனு அங்கேதான் போகும். புதுச்சேரியில் ரெனான்சான் குடும்பங்களுக்கு (பிரெஞ்சு ஆட்சியில் தங்கள் தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களின் வழிவந்தவர்கள்) 1956-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. அவர்கள் அதை வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

பணமும் பார்வையும் தனித்தனி. ஜீவனாம்சம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்டாமல் இருப்பதும், காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் தவறு. இரண்டுமே சொந்த வழக்கைத்தான் பலவீனமாக்கும். உத்தரவு இருந்தும் பிள்ளையை அனுப்பவில்லையா? போய்க் காத்திருந்த நாள், நேரம், அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் வைத்து, உத்தரவை அமல்படுத்தக் கோரும் நிறைவேற்று மனுப் போடுங்கள். காவல் நிலையத்தில் சிஎஸ்ஆர் (புகார் பெற்றதற்கான ரசீது) வாங்குவதால் மட்டும் பிள்ளை வந்துவிடாது.

எழுதியது எழுதியதுதான் என்றும் நினைக்க வேண்டாம். வேலை மாறினால், மறுமணம் நடந்தால், பிள்ளை வளர்ந்து தேவை மாறினால், கஸ்டடி நிபந்தனையைத் திருத்தக் கேட்கலாம். இந்துத் திருமணச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது.

ஒருவர் பிரான்சில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. பிள்ளைக் கடத்தல் பற்றிய 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை; அதனால் நாடு கடந்து போன பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவர அந்த வழி கிடைக்காது. பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும், வெளிநாட்டுப் பயணத்துக்கு யாருடைய எழுத்துச் சம்மதம் வேண்டும் என்பதை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். செலவுக்கு அஞ்சும் பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும்; உதவி எண் 15100.