பள்ளி மேலாண்மைக் குழு: நகரத்து நடுநிலைப் பள்ளியில் பெற்றோருக்குச் சட்டம் தந்திருக்கும் இடம்

மாநகராட்சி நடுநிலைப் பள்ளியொன்றின் வாசலில் மாலை நான்கு மணிக்குக் குழந்தைகளை அழைத்துப் போக வரும் பெற்றோரிடம் பேசிப் பார்த்தால், அந்தப் பள்ளியைப் பற்றிய ஏறத்தாழ எல்லா உண்மைகளும் கிடைத்துவிடும். ஏழாம் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியர் இல்லை என்பதும், மாணவியர் கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை என்பதும், ஒன்றாம் வகுப்பு ஆசிரியை பிள்ளைகளைப் பெற்ற தாய்போலப் பார்த்துக்கொள்கிறார் என்பதும் அங்கே பேசப்படும். ஆனால் வாசலில் பேசப்படும் எதுவும் எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை. கோப்பில் ஏறாத குறைக்கு நிதியும் வராது, ஆளும் வர மாட்டார். இந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, தன் 21-ஆம் பிரிவில் பள்ளி மேலாண்மைக் குழு என்ற அமைப்பை ஏற்படுத்தியது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இச்சட்டத்தின்படி 1 முதல் 8 வரை வகுப்புகள் உள்ள ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும், உள்ளாட்சிப் பள்ளியிலும் இக்குழு இருந்தாக வேண்டும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் இக்குழு ஆலோசனை மட்டுமே கூறலாம் என்று 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் வரம்பு விதித்தது. மாநகராட்சி, நகராட்சி, அரசுப் பள்ளிகளுக்கு அந்த வரம்பு இல்லை.

குழு உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் அப்பள்ளியில் படிக்கும் குழந்தைகளின் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும்; மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும்; நலிவடைந்த பிரிவினர், வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர் ஆகியோரின் குழந்தைகள் எந்த விகிதத்தில் படிக்கிறார்களோ அந்த விகிதத்தில் அவர்களுடைய பெற்றோருக்கும் இடம் தரப்பட வேண்டும். தமிழ்நாட்டில் 2022-இல் இக்குழுக்கள் 20 உறுப்பினர்களுடன் புதிதாக அமைக்கப்பட்டன. 2024-இல் நடந்த மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டு எண்ணிக்கை 24 ஆனது. பதவிக்காலம் இரண்டு ஆண்டுகள். தலைவரும் துணைத் தலைவரும் பெற்றோரிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படுவர். தலைமை ஆசிரியர் கூட்டத்தைக் கூட்டும் உறுப்பினரே தவிர, குழுவின் தலைவர் அல்லர். பலர் இதைப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். கழகம் வேறு விதிகளின்கீழ், வேறு நிர்வாகிகளோடு இயங்குவது. பள்ளியின் நடைமுறையைக் கண்காணிப்பது, மேம்பாட்டுத் திட்டம் தயாரித்துப் பரிந்துரைப்பது, வந்த நிதி எப்படிச் செலவானது என்று பார்ப்பது ஆகிய மூன்று பணிகளையும் கல்வி உரிமைச் சட்டம் மேலாண்மைக் குழுவிடமே ஒப்படைத்திருக்கிறது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், நகரத்துப் பள்ளிகளில் குழு பெயரளவில் நின்றுவிடுவதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. மாதாந்திரக் கூட்டம் பெரும்பாலும் வேலைநாள் பிற்பகலில் நடக்கிறது. மாநகராட்சிப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்களில் பலர் வீட்டு வேலை செய்பவர்கள். தந்தையரில் பலர் நாள்கூலிக்கோ ஆட்டோ ஓட்டவோ செல்பவர்கள். ஒரு பிற்பகலைக் கூட்டத்துக்கு ஒதுக்கினால் அரைநாள் கூலி போகிறது. அதை ஈடுசெய்யும் படித்தொகை எதுவும் இல்லை. வராத உறுப்பினரின் வீட்டுக்கே பதிவேடு கையெழுத்துக்கு அனுப்பப்படும் வழக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. வார்டு கவுன்சிலரும் குழுவில் இடம்பெறுவதால், அவர் வரும் நாளில் மட்டும் கூட்டம் களைகட்டுவதும் உண்டு. கூட்ட நேரம் ஒத்துவரவில்லை என்றால் அதையே முதல் பொருளாக எழுப்பி, மாலையிலோ சனிக்கிழமையிலோ நடத்தும்படி கேட்டுத் தீர்மானம் போடுவது நல்லது. கூட்டத்தில் இல்லாதவர் கையெழுத்திடக் கூடாது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தீர்மானம் எழுதும் விதத்திலேயே பாதி வேலை இருக்கிறது. "கழிப்பறை சரியில்லை, சரிசெய்ய வேண்டும்" என்ற தீர்மானம் எந்த அலுவலரையும் அசைக்காது. "மாணவியர் கழிப்பறை நான்கில் இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை, காலை 11 மணிக்கு மேல் குழாயில் தண்ணீர் வருவதில்லை, 6 முதல் 8 வரையுள்ள மாணவியர் பிற்பகல் முழுவதும் கழிப்பறைக்குச் செல்லாமல் இருக்கின்றனர், தாழ்ப்பாள் பள்ளி மானியத்திலிருந்தும், குழாய் இணைப்பு மாநகராட்சிப் பொறியியல் பிரிவு மூலமும் சரிசெய்யப்பட வேண்டும்" என்று எழுதினால், எந்த வேலை யாருடையது என்பது அதிலேயே பிரிந்துவிடுகிறது. ஆண், பெண் இருபாலருக்கும் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், மாற்றுத்திறன் குழந்தைகள் தடையின்றி வந்துபோகும் வழி, சமையலறை, விளையாட்டு இடம், சுற்றுச்சுவர் அல்லது வேலி ஆகியவை சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்றுள்ள கட்டாயத் தரங்கள். ஆகவே தீர்மானத்தில் "கேட்டுக்கொள்கிறோம்" என்பதோடு "சட்டத்தின் அட்டவணைப்படி" என்றும் ஒரு சொற்றொடரைச் சேர்ப்பதில் தவறில்லை. தீர்மானங்களைப் பெற்றோருக்கான செயலியில் பதிவேற்றும் முறையும் இப்போது உள்ளது. பதிவேற்றிய பிறகு அடுத்த கூட்டத்தின் முதல் பத்து நிமிடத்தில் முந்தைய தீர்மானம் என்ன ஆயிற்று என்று கேட்கும் பழக்கம் இல்லாவிட்டால், செயலியிலும் அது பழைய பதிவேட்டைப் போலவே உறங்கும்.

பெற்றோர் அதிகம் வருந்துவது ஆசிரியர் எண்ணிக்கையைப் பற்றித்தான். இங்கே அட்டவணை துல்லியமாகப் பேசுகிறது. 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளில் மொத்தம் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர். 6 முதல் 8 வரை 35 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பதோடு, அறிவியலும் கணிதமும், சமூக அறிவியல், மொழிகள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும். அந்த மூன்று வகுப்புகளில் சேர்க்கை 100-ஐத் தாண்டினால் முழுநேரத் தலைமை ஆசிரியர் வேண்டும். நடுநிலைப் பள்ளியில் நேரும் சிக்கல் என்னவென்றால், 1 முதல் 5 வரை கற்பிக்கும் இடைநிலை ஆசிரியர்களையும் 6 முதல் 8 வரை கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர்களையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால் எண்ணிக்கை போதுமானதாகத் தெரியும். பாடவாரியாகப் பிரித்தால்தான் கணக்குக்கு ஆள் இல்லை என்பது வெளிப்படும். ஆகவே குழு கேட்க வேண்டியது பாடவாரிப் பட்டியலை. அரசுப் பள்ளிகளில் ஆசிரியர் பணியிட நிர்ணயம் ஆகஸ்ட் 1 நிலவரப்படியான மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு செய்யப்படுகிறது. அக்கம்பக்கத்துக் குழந்தைகளைச் சேர்க்கும் வேலையை ஜூலைக்குள் முடித்துவிட வேண்டும் என்று தலைமை ஆசிரியர்கள் பதறுவதற்கு இதுவே காரணம். அதற்குப் பின் சேரும் குழந்தைக்குச் சேர்க்கை உண்டு, ஆனால் அந்த ஆண்டுப் பணியிடக் கணக்கில் அவள் இல்லை.

காலிப் பணியிடங்களைத் தற்காலிகமாக நிரப்பும் பொறுப்பும் ஒரு கட்டத்தில் குழுவிடம் வந்தது. 2022-இல் மாநிலம் முழுவதும் 13,331 இடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக நிரப்ப அரசு அனுமதித்து, இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாயும் பட்டதாரி ஆசிரியருக்கு 10,000 ரூபாயும் மாதத் தொகுப்பூதியமாக முதலில் அறிவித்தது. சென்னை போன்ற நகரத்தில் அந்த ஊதியத்துக்குத் தகுதியுள்ள ஆசிரியர் எத்தனை மாதம் நிலைப்பார் என்பது யாருக்கும் புரியக்கூடியதே. தற்காலிக நியமனத்தோடு நிறுத்திவிடாமல், நிரந்தரப் பணியிடம் காலியாக இருப்பதையும் ஒவ்வொரு கூட்டத்திலும் பதிந்துவருவதே குழுவுக்குப் பாதுகாப்பு.

இவை எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்கும் ஆவணம் பள்ளி மேம்பாட்டுத் திட்டம். இச்சட்டத்துக்கான மத்திய மாதிரி விதிகளின்படி இது மூன்றாண்டுத் திட்டம். ஆண்டுவாரியான மூன்று துணைத் திட்டங்களைக் கொண்டது. வகுப்புவாரி மாணவர் எண்ணிக்கை, கூடுதல் ஆசிரியர் தேவை, கட்டட வசதித் தேவை, அவற்றுக்கான செலவு ஆகியவை அதில் இருக்க வேண்டும். அரசு பள்ளிக்கு வகுக்கும் திட்டங்களுக்கும் தரும் மானியங்களுக்கும் இதுவே அடிப்படை என்று சட்டத்தின் 22-ஆம் பிரிவு கூறுகிறது. ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின்கீழ் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது: 101 முதல் 250 வரை மாணவர் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், 251 முதல் 1,000 வரை 75,000 ரூபாய், இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிகளுக்கு. ஒரு தளத்துக்கு வெள்ளையடிப்பதற்கே போதாத தொகைதான். ஒன்றிய அரசின் முன்மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம் ஸ்ரீ உடன்பாட்டில் தமிழ்நாடு கையெழுத்திடாத நிலையில், 2024-25-இல் இந்த ஒருங்கிணைந்த திட்டத்துக்கான ஒன்றிய அரசின் பங்கு விடுவிக்கப்படாமல் போனதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் வந்த தொகைக்கான ரசீதுகளையும் செலவுப் பதிவேட்டையும் குழுவின் எந்த உறுப்பினரும் கேட்டுப் பார்க்கலாம். அதற்குத் தலைமை ஆசிரியர் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

உணவைப் பற்றிய கேள்விகளும் குழுவுக்கு உரியவை. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொதுச்செலவில் உணவு என்ற எண்ணத்தையே 1920-இல் ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த பள்ளியில் நடைமுறைப்படுத்திப் பார்த்தது, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சிதான். இன்று மதிய சத்துணவு முட்டையோடு 8-ஆம் வகுப்பையும் தாண்டிக் கிடைக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமோ 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு மட்டுமே. தொடக்கப் பள்ளியில் இந்த எல்லை யார் கண்ணிலும் படாது. நடுநிலைப் பள்ளியில் ஒவ்வொரு நாள் காலையும் படும். தம்பி பொங்கல் சாப்பிடும்போது, அவனைக் கைப்பிடித்து அழைத்து வந்த ஆறாம் வகுப்பு அக்கா சுவரோரம் நிற்பாள். இருவரும் ஒரே வீட்டிலிருந்து, ஒரே பசியோடு வந்தவர்கள். இத்திட்டத்தை எட்டாம் வகுப்பு வரை விரிவாக்கக் கோரும் தீர்மானங்கள் நடுநிலைப் பள்ளிகளிலிருந்தே எழுவது பொருத்தமானது. அந்தக் காட்சி வேறெந்தப் பள்ளிக்கும் தெரியாது.

மாணவர்களுக்குக் குழுவில் வாக்கு உண்டா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. பெற்றோர் அல்லாத கால் பங்கு இடங்களில் ஒரு பகுதியை உள்ளூர்க் கல்வியாளருக்கோ பள்ளிக் குழந்தைகளுக்கோ தரலாம் என்று 2010-ஆம் ஆண்டு மத்திய மாதிரி விதிகள் வழி வைத்தன. நடைமுறையில் அந்த இடம் பெரியவர்களுக்கே போகிறது. இது பெரிய இழப்பு என்றே தோன்றுகிறது, ஏனெனில் எந்தப் படிக்கட்டில் தள்ளுமுள்ளு நடக்கிறது, எந்தக் குழாய்த் தண்ணீர் நாறுகிறது என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைவிட அறிந்தவர் இல்லை. மாணவர் தம் குறைகளை எழுதிப் போட அரசுப் பள்ளிகளில் வைக்கப்பட்டுள்ள 'மாணவர் மனசு' பெட்டி இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. அந்தப் பெட்டி எப்போது, யார் முன்னிலையில் திறக்கப்பட்டது என்பதைக் குழு கேட்கலாம். எழுதிய பிள்ளை யார் என்பதைக் கேட்கக் கூடாது. அடி, திட்டு, அவமானம் பற்றிய புகார் வந்தால் அதைச் சமரசமாக முடிக்கக் குழுவுக்கு அதிகாரமில்லை. உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடைசெய்து, மீறுபவர் மீது பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. பள்ளிக்கல்வித் துறையின் 14417 என்ற எண்ணுக்கும், குழந்தைகளுக்கான 1098 என்ற எண்ணுக்கும் குழந்தையே நேரடியாக அழைக்கலாம்.

நகரத்துக்கே உரிய இன்னொரு சிக்கல், ஆண்டின் நடுவில் இடம் மாறுவது. சென்னையின் நீர்நிலையோரக் குடியிருப்புகளிலிருந்து கண்ணகி நகர், பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுப் பகுதிகளுக்குக் குடும்பங்கள் மாற்றப்பட்டபோது பல குழந்தைகள் படிப்பின் நடுவில் பள்ளி மாற நேர்ந்தது. மாற்றுச் சான்றிதழைத் தலைமை ஆசிரியர் உடனடியாகத் தர வேண்டும் என்றும், அது தாமதமானது என்பதற்காகப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது என்றும் 5-ஆம் பிரிவு சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்பதும் மறுப்புக்குக் காரணமாகாது. தனியார் பள்ளியிலிருந்து வரும் குழந்தைக்குக் கட்டண பாக்கியைக் காட்டிச் சான்றிதழை நிறுத்தி வைப்பதை 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமும் கண்டித்து, பாக்கி விவரத்தைச் சான்றிதழில் எழுதக் கூடாது என்றது. கல்வித் துறையின் கணினிப் பதிவில் குழந்தைக்குரிய எமிஸ் எண்ணைப் பழைய பள்ளி விடுவிக்கவில்லை என்று அலைக்கழிக்கப்படும் பெற்றோர், முதலில் குழந்தையை வகுப்பில் உட்காரவைக்கும்படி கேட்க வேண்டும். கணினிப் பதிவைச் சரிசெய்வது அலுவலகங்களின் வேலை.

குழுவில் எழுப்பியும் பலனில்லை என்றால், 32-ஆம் பிரிவின்கீழ் எவரும் உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்துமூலம் புகார் தரலாம். மூன்று மாதங்களுக்குள் இரு தரப்பையும் கேட்டு முடிவு சொல்ல வேண்டும். முடிவில் நிறைவில்லாதவர் தமிழ்நாடு குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். மாநகராட்சிப் பள்ளியைப் பொறுத்தவரை பள்ளியை நடத்துவதும் புகாரைக் கேட்பதும் ஒரே அமைப்பு என்பது இந்த ஏற்பாட்டின் பலவீனம். அதனால் புகாரை நேரில் கொடுத்துத் தேதியிட்ட ஒப்புகையைப் பெற்றுக்கொள்வதும், குழுத் தீர்மானங்களின் நகலை இணைப்பதும் அவசியமாகின்றன. ஆணையத்தின் முன் பேசப்போவது அந்த நகல்களே.

பிள்ளை 8-ஆம் வகுப்பை முடித்துப் பள்ளியை விட்டுப் போகும்போது பெற்றோரின் உறுப்பினர் தகுதியும் முடிகிறது. அதற்கு முன் கவனிக்க வேண்டியவை இரண்டு. மருத்துவப் படிப்பில் 2020 முதலும் தொழிற்கல்வியில் 2021 முதலும் நடைமுறையிலுள்ள 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும், கல்லூரி செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததை அடிப்படையாகக் கொண்டவை. மாநகராட்சிப் பள்ளியில் படித்த ஆண்டுகளும் அதில் சேரும். ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளி தேடும்போது இதை மறந்துவிட்டுத் தனியார் பள்ளிக்கு மாற்றுபவர்கள் மூன்று ஆண்டுகளின் பயனை இழக்க நேரிடும். மற்றது, பள்ளிப் பதிவேட்டில் உள்ள பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகியவற்றை ஆதாரோடும் சாதிச் சான்றிதழோடும் ஒப்பிட்டு, எழுத்துப் பிழை இருந்தால் மாற்றுச் சான்றிதழ் வாங்குவதற்கு முன்பே தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்துத் திருத்திக்கொள்வது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஏறிய பிறகு அதே திருத்தத்துக்குத் தேர்வுத் துறை வரை போக வேண்டியிருக்கும்.