சொல் விளக்கம்: வரிப்புகல்

பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் வரிக்கணக்கைப் பற்றிய செய்தியொன்றைத் தமிழாக்கிய என் மாணவி, ‘டாக்ஸ் ஹேவன்’ (வரி இல்லாத அல்லது மிகக் குறைந்த நாடு) என்று வந்த இடத்தில் ‘வரிச் சொர்க்கம்’ என்று எழுதியிருந்தார். சிவப்பு மையால் அடிக்கக் கை போயிற்று. ஆனால் அச்சில் வரும் தமிழ்ச் செய்திகளிலேயே இச்சொல் புழங்குவதால், பிழையை அவர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது என்று நிறுத்திக்கொண்டேன்.

ஆங்கிலத்தில் ‘ஹேவன்’ வேறு, ‘ஹெவன்’ வேறு. பின்னதுதான் வானுலகம், முன்னது, காற்றுக்கும் அலைக்கும் அஞ்சிக் கப்பல் ஒதுங்கும் துறைமுகம். ஜெர்மன் மொழியில் துறைமுகத்தைக் குறிக்கும் ‘ஹாஃபன்’ அதன் உறவுச்சொல். டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனின் பெயருக்கே ‘வணிகர் துறை’ என்றுதான் பொருள். ஆயினும் சொர்க்கம் என்று சொல்வது தமிழர் மட்டுமல்லர். பிரெஞ்சுக்காரர்களும் அப்படியே சொல்கிறார்கள். நம் சிங்கப்பூரில் மலாய் பேசுவோர் ‘ஷுர்கா சுக்காய்’ என்பார்கள். அந்த ‘ஷுர்கா’வும் நம் சொர்க்கமும் ஒரே வடசொல்லின் பிள்ளைகள். சீனத்தில் இரண்டு வழக்கும் உண்டு: வரி தவிர்க்கும் சொர்க்கம் என்று பொருள்படும் ‘பிஷுய் தியன்தாங்’ ஒன்று, வரி தவிர்க்கும் துறைமுகம் என்று பொருள்படும் ‘பிஷுய் காங்’ மற்றொன்று.

துறைமுகம் என்ற பொருளே நடப்புக்கு நெருக்கமானது என்பேன். ஒரு நிறுவனம் தன் மென்பொருள், தேடல் நுட்பம், வணிகப்பெயர் ஆகியவற்றின் உரிமையை, வரி இல்லாத தீவொன்றில் பதிவான தன் கிளையின் பெயருக்கு எழுதிவைக்கிறது. பொருள் உண்மையில் விற்கும் நாட்டிலுள்ள கிளை, அந்த உரிமையைப் பயன்படுத்துவதற்காகத் தீவுக்கு ஆண்டுதோறும் பெருந்தொகை கட்டுகிறது. விற்ற நாட்டில் அது செலவாகிவிடுவதால் அங்கே லாபம் சுருங்கும். தீவில் அது வருமானம், ஆனால் அங்கே வரி கேட்பாரில்லை. லாபம் என்னும் கப்பல் ஒதுங்கும் துறை அதுதான். கூகுள் 2017ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 19.9 பில்லியன் யூரோவை நெதர்லாந்து நிறுவனம் ஒன்றின் வழியாக இவ்வாறு, அப்போது நிறுவன வரி இல்லாதிருந்த தீவான பெர்முடாவுக்கு அனுப்பியது. இதற்கு வாய்ப்பளித்த, இரண்டு அயர்லாந்து நிறுவனங்களை வைத்து லாபத்தை நகர்த்தும் ‘இரட்டை அயர்லாந்து’ ஏற்பாட்டை அயர்லாந்து 2015இல் புதிய நிறுவனங்களுக்கு மூடியது. பழைய நிறுவனங்களுக்கு 2020 முடியும்வரை அவகாசம் கிடைத்தது.

ஆப்பிளின் கதை இன்னும் கூர்மையானது. ஐரோப்பிய விற்பனையின் லாபத்தைப் பெற்ற அதன் அயர்லாந்து நிறுவனம், லாபத்தின் பெரும்பகுதியைத் தன் ‘தலைமையகத்து’க்கு உரியதாகக் கணக்கெழுதியது. அந்தத் தலைமையகத்துக்கு எந்த நாட்டிலும் கட்டடமில்லை, ஊழியரில்லை. அது ஏட்டில் மட்டுமே இருந்தது என்று, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2016இல் கூறியது. ஆணையத்தின் கணக்குப்படி, 2014இல் ஒவ்வொரு பத்து லட்சம் யூரோ லாபத்துக்கும் செலுத்தப்பட்ட வரி 50 யூரோ. ஆப்பிள் ஏறத்தாழ 13 பில்லியன் யூரோவை அயர்லாந்துக்குத் திருப்பிச் செலுத்தவேண்டும் என்று ஆணையம் இட்ட ஆணை 2020இல் கீழ்நிலை நீதிமன்றத்தில் தள்ளுபடியாகி, 2024 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பில் மீண்டும் உறுதியானது.

இவற்றை எழுதும்போது ‘வரி ஏய்ப்பு’, ‘வரித் தவிர்ப்பு’ என்ற இரண்டையும் குழப்பக்கூடாது. வருமானத்தை மறைத்துச் சட்டத்தை மீறுவது ஏய்ப்பு. சட்டத்தின் சொற்களுக்குள் நின்றுகொண்டே வரியைக் குறைத்துக்கொள்வது தவிர்ப்பு. முதலாம் குலோத்துங்கனைச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்கிறோம். அங்கே தவிர்த்தவன் அரசன், பயன்பெற்றவர் குடிகள். இன்று அந்த வினையின் எழுவாய் மாறிவிட்டது.

‘வரிப் புகலிடம்’ என்ற சொல்லும் வழக்கில் இருக்கிறது, பொருளில் பிழையில்லை. என்றாலும் போருக்குத் தப்பி வந்தவர் புகலிடம் கோரினார் என்று எழுதும் அதே சொல்லை, வரிக்குத் தப்பிய லாபத்துக்கும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அது மனிதருக்கே இருக்கட்டும். அதனால் ‘வரிப்புகல்’ என்ற சிறிய வடிவத்தைப் பரிந்துரைக்கிறேன். ‘புகு’ என்ற வினையிலிருந்து பிறந்த சொல் அது. சீர்காழியின் பன்னிரு பெயர்களில் ஒன்று புகலி. காவிரி கடலில் புகும் இடம் புகார் என்பது வழிவழி விளக்கம்; அங்கே இருந்ததும் துறைமுகமே. ‘ஹேவன்’ என்பதன் மூலப்பொருளுக்கு இதைவிட நெருங்கிய வேர் நம்மிடம் இல்லை. வரிப்புகலில் பதிவாகும் வெறும் பெயர்ப்பலகை நிறுவனத்தைப் ‘போலி நிறுவனம்’ என்றும் எழுதவேண்டாம். அது சட்டப்படி பதிவானது. ‘பெயரளவு நிறுவனம்’ என்றால் போதும்.

திருத்தத்தை வாங்கிக்கொண்ட மாணவி, “அப்படியானால் நம் ஊரும் வரிப்புகலா, ஐயா?” என்று கேட்டார். மழுப்பக்கூடாத கேள்வி. மெல்பர்ன் கடைக்காரர் இணையத்தில் விளம்பரம் கொடுத்தாலும் விற்பனை சிங்கப்பூர் நிறுவனத்தின் கணக்கில் பதிவாகிறது என்பதை, 2015இல் ஆஸ்திரேலிய செனட் விசாரணையில் கூகுள் ஒப்புக்கொண்டது. வரி நீதிக்காகக் குரல் கொடுக்கும் அமைப்புகளின் பட்டியல்களில் சிங்கப்பூர் இடம்பெறுகிறது. இங்கே உண்மையான தொழிலும் வேலைகளும் நடைபெறுகின்றன என்று சொல்லி அரசாங்கம் அப்பெயரை ஏற்பதில்லை. நிறுவன வரி விகிதம் 17 விழுக்காடு; சலுகை பெற்றவற்றுக்கு அதைவிடக் குறைவு. 2025 ஜனவரி 1 முதல், ஆண்டு வருவாய் 750 மில்லியன் யூரோவை எட்டும் பன்னாட்டுக் குழுமங்கள் குறைந்தது 15 விழுக்காடு கட்டுவதற்கான சட்டம் நடப்புக்கு வந்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் முதல் சில பிரிவுகளை அடுத்த வார வகுப்புக்குத் தமிழாக்கிவரச் சொல்லியிருக்கிறேன்.