உப்பும் உப்புத்தாளும்

தீபாவளிக்கு வாங்கிய தகரத் துப்பாக்கி, திருக்கார்த்திகை வருவதற்குள் துருப்பிடித்து விசை இறுகிப்போகும். சின்ன வயதில் அதற்கு மழையைத்தான் வைதிருக்கிறோம். மழையோடு கேப்புக்கும் அதில் பங்கு உண்டு. பொட்டுக் கேப்பில் இருக்கிற பொட்டாசியம் குளோரேட், வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடாக மிஞ்சும். சமையல் உப்புக்குத் தம்பி முறை. ஐப்பசி அடைமழையில் உப்புச் சாடி கசிகிறதே, அதே மாதிரி இதுவும் தகரத்தின் மேல் உட்கார்ந்து ஈரத்தை இழுக்கும்.

இந்த விஷயம் எனக்குக் கைகொடுத்தது 2020-ல், பாளையங்கோட்டையில் ஓர் அண்ணாச்சி வீட்டில். அவரிடம் லைசென்ஸோடு மூன்று துப்பாக்கிகள் இருந்தன. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுதான் வைத்துக்கொள்ளலாம். ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். அப்பா காலத்து பாயிண்ட் டூ டூ (.22 அங்குலத் தோட்டா) பிஸ்டலை மேஜையில் வைத்து, "நீர் கெமிஸ்ட்ரி வாத்தியார்தானே, இது தேறுமா தேறாதான்னு பாத்துச் சொல்லும்" என்றார்.

தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி, மேலே நகரும் ஸ்லைடை இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு பேரும் கண்ணால் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

அமெரிக்காவின் கோல்ட் கம்பெனி செய்த உட்ஸ்மேன் அது. இலக்கு வைத்துச் சுடுவதற்கென்று 1915-ல் வந்து 1977 வரை ஓடிய மாடல். வடிவமைத்தவர் ஜான் பிரவுனிங். நம் பக்கத்தில் பிஸ்டல் என்றதும் மணியாச்சிதான் நினைவுக்கு வரும். 1911 ஜூன் 17-ல் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டதும் ஒரு பிரவுனிங் பிஸ்டலால்தான். மூளை ஒன்று, தோட்டா மட்டும் வேறு இனம்.

பெரிய தோட்டாக்களின் அடியில், நடுவில் பொட்டு வைத்தது போல, பற்றவைக்க ஒரு கேப் இருக்கும். பாயிண்ட் டூ டூவில் அது கிடையாது. பித்தளைக் கூட்டின் அடிவிளிம்பு உள்ளே வெற்றிடம் விட்டு மடிந்திருக்கும். பற்றும் மருந்தை ஈரமாக ஒரு சொட்டு வைத்துக் கூட்டைச் சுழற்றினால், மருந்து அந்த விளிம்புக்குள் ஓடி அடைந்துகொள்ளும். விசையை அழுத்தினால் ஃபயரிங் பின் என்ற ஊசி வந்து அடிப்பது அங்கேதான். பேனை இரண்டு நகத்துக்கு நடுவில் வைத்து நசுக்குவோமே, அப்படி: ஒரு நகம் பின், இன்னொரு நகம், குண்டு ஓடும் குழாயான பேரலின் பின்பக்க விளிம்பு. நசுங்க வேண்டுமென்றால் பித்தளை மெல்லிசாக இருக்க வேண்டும். மெல்லிசாக இருந்தால் அதிக அழுத்தம் தாங்காது. அதனால்தான் குண்டு வெறும் 2.6 கிராம், வேகமும் ஒலியின் வேகத்தை ஒட்டியே. கை உதறாது, குறிபார்க்கத் தோது.

பேன் இல்லாமல் நகத்தோடு நகம் மோதினால்? தோட்டா போடாமலே விசையை அழுத்தி விளையாடிய பழைய பிஸ்டல்கள் பலவற்றில், பின் நேராகப் பேரல் விளிம்பில் மோதி மோதி ஒரு பள்ளம் விழுந்திருக்கும். பிதுங்கிய இரும்பு, தோட்டா போகிற வழியில் முட்டிக்கொண்டு நிற்கும். லென்ஸ் வைத்து முதலில் தேட வேண்டியது இதைத்தான். அண்ணாச்சி வீட்டுப் பிள்ளைகள் கையில் அது சிக்கவில்லை போலும், விளிம்பு சுத்தம்.

வயதைக் கண்டுபிடிப்பது எளிதாகவே முடிந்தது. உட்ஸ்மேன் என்ற பெயர் 1927-ல்தான் வந்தது. இதில் அந்தப் பெயர் இருந்தது. கைப்பிடியின் பின்பக்க இரும்புத் துண்டில் கட்டம் கட்டமாகச் செதுக்கியிருந்தது. 1932 வாக்கில் வேகத் தோட்டாக்களுக்காக அந்தத் துண்டை உறுதியாக்கியபோது, அடையாளத்துக்குப் படுக்கைக் கோடுகளாக மாற்றிவிட்டார்கள். ஆக, இரண்டுக்கும் நடுவில் பிறந்தது. இதில் வேகத் தோட்டா போடவே கூடாது.

அந்த ஐந்து வருஷம் சங்கடமான காலம். குளோரேட் இல்லாத, துருப்பிடிக்கவைக்காத பற்றும் மருந்து அப்போதுதான் சந்தைக்கு வந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தைய தோட்டாவைச் சுட்டால் பேரலுக்குள் நம் தீபாவளி உப்பேதான். காற்றின் ஈரப்பதம் 84 சதவீதத்தைத் தாண்டும்போது பொட்டாசியம் குளோரைடு தானாகவே நீராகக் கரையும். சித்திரை வெயிலில் சும்மா கிடந்தது, ஐப்பசியில் இரும்பைத் தின்னும். எண்ணெய் போட்டும் பலனில்லை, உப்பு எண்ணெயில் கரையாதே. அந்தக் காலச் சிப்பாய்கள் பேரலில் கொதிநீர் ஊற்றிக் கழுவியது இதனால்தான்.

பேரலின் பின்பக்கம் வெள்ளைத் தாளை வைத்து வெளிச்சம் காட்டிப் பார்த்தேன். தோட்டா உட்காரும் இடத்துக்குச் சற்று முன்னால் அம்மைத் தழும்பு போல நாலைந்து புள்ளிகள். மீதி இடத்தில், குண்டைச் சுழற்றிவிடுகிற வரிகள் கூராக இருந்தன. வளையம் போல நிழல் தெரிந்தால் பேரல் எங்கோ உப்பியிருக்கிறது என்று அர்த்தம், அது இல்லை. "தேறும் அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டே வலது பக்கம் திருப்பினேன். பளபளவென்று வெள்ளை இரும்பு.

"மச்சினன் உப்புத்தாள் போட்டுத் தேச்சான், துரு கெடந்துச்சுன்னு."

இத்தனை வருஷ உப்பு செய்யாததை ஒரு மாலைப்பொழுதில் உப்புத்தாள் செய்திருந்தது. துப்பாக்கியின் கருநீலம் என்பது இரும்பின் மேல்தோலே மேக்னடைட் என்ற கறுப்பு ஆக்சைடாக மாறியது. ஏறக்குறைய ஒரு மைக்ரான் கனம்தான். சிவப்புத் துரு பொருபொருவென்று உதிரும்; மேக்னடைட் இரும்போடு ஒட்டிக்கொண்டு காவல் நிற்கும். இரண்டும் இரும்பு ஆக்சைடுதான். வேண்டுமென்றே துருப்பிடிக்கவிட்டு, தண்ணீரில் கொதிக்கவைத்துக் கறுப்பாக்குகிற முறைகூட உண்டு. சேகரிப்பவர்கள் இந்தத் தோலுக்குத்தான் பணம் கொடுக்கிறார்கள். புளி போட்டுத் துலக்கிய குத்துவிளக்குதான் நமக்கு அழகு. அவர்களுக்குக் கூர்விளிம்பும் எழுத்தின் ஆழமும் முக்கியம். நல்லவேளை, வரிசை எண் தப்பியது. அதை அழிப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம்.

"அப்ப மறுபடி கறுப்பாக்கிரலாமா?" என்றார். வேண்டாம் என்றேன். புதுக் கறுப்பு ஏற்ற மறுபடி மெருகு போடுவார்கள், மிச்ச விளிம்பும் மழுங்கும். மெல்லிய எண்ணெய் போதும். தோல் உறையிலிருந்து மட்டும் வெளியே எடுக்கச் சொன்னேன். தோல் பதனிட்ட உப்பும் அமிலமும் ஈரத்தைப் பிடித்து இரும்போடு ஒட்டவைக்கும்.

கடைசியில் அவர் கொடுத்தது வேறு துப்பாக்கியை. பிஸ்டல் எண்ணெய்த் துணியில் சுற்றிப் பெட்டியில் இருக்கிறது. அந்தத் தோல் உறையில் இப்போது அவருடைய மூக்குக்கண்ணாடி.