எண்ணெய் பாக்கெட்டின் ஐந்து அடுக்குகள்

மதுரை கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் தொங்கும் கடலை எண்ணெய் பாக்கெட்டைத் தடவிப் பார்த்தால் ஒற்றைத் தாளாகத்தான் தெரியும். பல பாக்கெட்டுகளில் அது ஐந்து அடுக்கு. வெளியிலும் உள்ளேயும் பாலிஎத்திலீன், நட்டநடுவில் நைலான், இடையில் இரண்டு ஒட்டும் அடுக்குகள்.

பாலிஎத்திலீன் ஈரத்தை நன்றாகத் தடுக்கும். சூடு காட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஆக்சிஜன் அதை எளிதில் ஊடுருவிவிடும், எண்ணெய் காறிப்போகும். ஆக்சிஜனைத் தடுப்பதில் நைலான் கெட்டி. அதன் மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் நெருக்கிப் பிடித்திருக்கின்றன. ஈரம் ஏறினால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். அதனால்தான் நைலானை நடுவில் வைத்து, ஈரம் எளிதில் நெருங்காதபடி இருபுறமும் பாலிஎத்திலீனைப் போர்த்துகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், இவை இரண்டும் தாமாக ஒட்டாது. மாலியிக் அன்ஹைட்ரைடு என்ற வேதித்தொகுதியைக் கொஞ்சமாகக் கோத்த பாலிஎத்திலீனை நடுவே விடுவார்கள். அது நைலான் மூலக்கூறின் முனையில் உள்ள அமீன் என்ற நைட்ரஜன் தொகுதியுடன் வினைபுரிந்து உண்மையான வேதிப்பிணைப்பை உண்டாக்குகிறது. எனக்கு இந்தத் தொழில்நுட்பத்திலேயே அழகான இடம் இதுதான்.

தயாரிப்பில் ஒவ்வொரு பொருளையும் தனித்தனி எக்ஸ்ட்ரூடரில் (பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் இயந்திரம்) உருக்கி, ஒரே டையின் (வடிவம் தரும் அச்சுவாய்) வழியாகச் சேர்த்துத் தள்ளுவார்கள். உருகிய குழம்புகளின் பாகுநிலை, அதாவது ஓட்டத்தை எதிர்க்கும் கெட்டித்தன்மை, ஒத்துவராவிட்டால் அடுக்குகளின் எல்லை அலை அலையாகிவிடும். ஃபிலிமைக் குறுக்கே சீவி நுண்ணோக்கியில் பார்த்தால் அது தெரியும். அப்புறம் ஊடுருவல் சோதனை: ஃபிலிமின் ஒரு பக்கம் ஆக்சிஜன், மறுபக்கம் நைட்ரஜன் ஓட்டம். கடந்து வரும் ஆக்சிஜனை உணரி அளந்துவிடும்.

அடுக்கை மெல்லியதாக்கினால் பொருளின் குணமே மாறும். அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில், உருகிய பாய்வை இரண்டாக வெட்டி, அகலப்படுத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முறையைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். இரண்டு அடுக்கில் தொடங்கிப் பத்து முறை செய்தால் 2048 அடுக்கு. பாலிஎத்திலீன் ஆக்சைடு என்ற வேறொரு பொருளின் அடுக்கை 20 நானோமீட்டர் அளவுக்கு மெலிதாக்கியதும் படிகங்கள் நிமிர இடமின்றித் தட்டையாகப் படுத்துக்கொண்டன. ஆக்சிஜன் ஊடுருவல் சுமார் நூறு மடங்கு குறைந்தது என்று 2009-ல் அறிவித்தார்கள்.

சரி, காலி பாக்கெட் என்னவாகும்? பிடிப்பு அவ்வளவு வலுவாக இருப்பதால் அடுக்குகளைப் பிரித்து மறுசுழற்சி செய்வது மிகக் கடினம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், 2018-ல் பத்மஸ்ரீ பெற்றவர், சூடாக்கிய ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் துண்டுகளை உருகவிட்டுத் தார் கலக்கும் சாலை முறையை உருவாக்கினார். குப்பைக்கு அது நல்ல வழி. ஆனாலும் ஃபிலிமை வடிவமைக்கும்போதே முடிந்தவரை ஒரே வகைப் பாலிமரில் அடுக்குகளை அமைக்க முயல வேண்டும் என்பேன். ஆய்வுகள் இப்போது அந்தப் பக்கமும் நடக்கின்றன.