450 கிராமுக்குள் ஒரு ஃபோம் போர்டு விமானம்

ரேடியோ கண்ட்ரோலில் ஓட்டும் மாதிரி விமானம் செய்ய ஃபோம் போர்டு கைக்கு வந்ததும் முதலில் அதைத் தராசில் வையுங்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்: 5 மிமீ தடிமன், நடுவில் பாலிஸ்டைரீன் நுரை, இருபுறமும் வெள்ளைத் தாள். ஆனால் மெல்லிய தாள் ஒட்டிய போர்டு சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிராம் இருக்கும். தடித்த தாள் ஒட்டியது 550 கிராமைத் தொடும். ஒரு மீட்டர் இறக்கை உள்ள விமானத்துக்கு 0.6 சதுர மீட்டர் போர்டு தேவைப்படும். முதல் வகையில் அது 180 கிராம், இரண்டாவதில் 330 கிராம். கத்தியை எடுக்கும் முன்பே 150 கிராம் வித்தியாசம் வந்துவிடுகிறது.

அந்த 150 கிராம் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இறக்கை 1000 மிமீ நீளம், 180 மிமீ அகலம். பரப்பு 18 சதுர டெசிமீட்டர். மொத்த எடை 450 கிராம் என்றால், ஒவ்வொரு சதுர டெசிமீட்டரும் 25 கிராமைச் சுமக்கிறது. ஏற்றக் குணகத்தை (இறக்கை எவ்வளவு தூக்கும் என்பதைக் காட்டும் எண்) 1 என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 6.4 மீட்டருக்குக் கீழே, அதாவது மணிக்கு 23 கிமீக்குக் கீழே வேகம் போனதும் இறக்கை விமானத்தைத் தாங்காது. ஸ்டால் ஆகி மூக்கு கவிழும். எடை 600 கிராம் ஆனால் அந்த எல்லை 7.4 மீட்டர். ஒரு மீட்டர்தானே கூடியிருக்கிறது என்று தோன்றும். ஆனால் தரையில் மோதும்போது விமானத்தை உடைப்பது இயக்க ஆற்றல். அதில் எடையும் சேரும், வேகத்தின் வர்க்கமும் சேரும். 9.2 ஜூல் இருந்தது 16.4 ஜூல் ஆகிறது, கிட்டத்தட்ட 1.8 மடங்கு. உடைந்த இடத்துக்குப் பூசும் பசையால் விமானம் இன்னும் கனக்கும். அடுத்த இறக்கம் இன்னும் வேகமாக இருக்கும்.

அதனால் வரைபடத்துக்கு முன்பே எடைப் பட்டியல் எழுத வேண்டும். போர்டு 180 கிராம், பசை 20, 2212 அளவு மோட்டார் 50, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் ஈஎஸ்சி 25, 3 செல் 1300 எம்ஏஎச் லித்தியம் பாலிமர் பேட்டரி 110, வாலின் பகுதிகளை அசைக்கும் 9 கிராம் சர்வோ இரண்டு 18, ரிசீவர் 10, 8×4 ப்ரொப்பெல்லர் அதன் நட்டோடு 10, மோட்டார் தாங்கும் ப்ளைவுட், கம்பிகள், டேப் எல்லாமாக 27. கூட்டினால் 450. முதல் விமானத்துக்கு எய்லரான், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை, வேண்டாம். இறக்கையின் இரு நுனிகளையும் நடுப்பகுதியைவிட 50 மிமீ உயர்த்தி, லேசான 'வி' வடிவில் வைத்தால், செங்குத்து வாலில் அசையும் ரடரும் கிடைவாலில் அசையும் எலிவேட்டருமே திருப்பவும் ஏற்றி இறக்கவும் போதும். இரண்டு சர்வோ மிச்சம், அவற்றின் வயர்களும் மிச்சம். கையை டிரான்ஸ்மிட்டர் ஸ்டிக்கிலிருந்து எடுத்தால் விமானம் தானே சமநிலைக்குத் திரும்ப முயலும்.

இவ்வளவு லேசான போர்டு எப்படித் தாங்குகிறது? வளைக்கும்போது ஒரு பக்கத் தாள் இழுபடுகிறது, மறுபக்கத் தாள் அமுங்குகிறது. இரண்டையும் விலக்கிப் பிடித்திருப்பதுதான் நுரையின் வேலை. 1940இல் முதலில் பறந்த மஸ்கிட்டோ போர் விமானத்தின் உடலும் இதே உத்திதான். அதில் நுரைக்குப் பதில் பால்சா மரம், தாளுக்குப் பதில் மெல்லிய ப்ளைவுட். இது புரிந்தால் எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக்கூடாது என்பதும் புரிந்துவிடும். பறக்கும்போது இறக்கையின் அடித்தாள் இழுவிசையில் இருக்கிறது. அதில் குறுக்கே ஒரு கீறல் விழுந்தால் இறக்கை அந்த இடத்தில்தான் மடியும்.

இறக்கையை இரண்டு பாதிகளாகச் செய்வது சுலபம். ஒவ்வொன்றுக்கும் 500 × 375 மிமீ துண்டு. போர்டு ஒரு திசையில் கொஞ்சம் அதிக விறைப்பாக இருக்கும். இரு பக்கமும் வளைத்துப் பார்த்து, விறைப்பான திசையை இறக்கையின் நீளத்துக்கு வையுங்கள். ஓரத்திலிருந்து 180 மிமீ தள்ளி, 10 மிமீ இடைவெளியில் இரண்டு இணைகோடுகள். அவற்றின் மேல் உள்தாளையும் நுரையையும் மட்டும் வெட்டி, அந்தப் பட்டையைச் சுரண்டி எடுத்தால் வெளித்தாள் மட்டும் மிஞ்சும். அதுதான் முன்விளிம்பு மடிப்பு. கத்தி வெளித்தாளைத் தொட்டதும் கையில் உணர்வு மாறும். நுரையில் வழுக்கிச் செல்வது நின்று லேசாகப் பிடிக்கும். அங்கே அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். மழுங்கிய பிளேடில் இந்த உணர்வு கிடைக்காது, நுரையும் பிய்ந்து வரும். ஒரு விமானத்துக்கு நாலைந்து பிளேடு முனைகளாவது மாற்ற வேண்டியிருக்கும்.

பிறகு மேல்பாதியின் உள்பக்கத்தில், முன்விளிம்பிலிருந்து 20, 40, 60 மிமீ தூரத்தில் இறக்கையின் நீளவாக்கில் தாளை மட்டும் கீறி, பேனா மூடியால் அழுத்திப் பள்ளமாக்குங்கள். மடிக்கும்போது அங்கே வளைவு தானாக வரும். மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் நடுவில் 25 மிமீ அகலப் போர்டுப் பட்டைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, முன்விளிம்பிலிருந்து 55 மிமீ தள்ளி வைத்தால் அதுவே முதுகெலும்பு. பட்டைகள் 10 மிமீ, மேலும் கீழும் போர்டு 10 மிமீ, ஆக இறக்கையின் தடிமன் 20 மிமீ. அகலத்தில் 11 சதவீதம். இந்த அளவிலும் வேகத்திலும் ரெனால்ட்ஸ் எண் (அளவையும் வேகத்தையும் வைத்துக் காற்றோட்டத்தின் தன்மையைச் சொல்லும் எண்) ஒரு லட்சத்தை ஒட்டியே இருப்பதால், மடிப்புக் கோடுகள் தெரியும் இறக்கையும் நன்றாகவே பறக்கும். வளைவு சரியாக வரவில்லையே என்று வருந்த வேண்டாம். ஆனால் முறுக்கு இருந்தால் விடக்கூடாது. பசை ஆறும்வரை தட்டையான மேஜையில் புத்தகங்களை அடுக்கி அழுத்தி வையுங்கள்.

இறக்கைக்குள் போகும் தாளை உரித்துவிட்டால் 25 கிராம் அளவுக்குக் குறையும். மடித்த பின் வலு முழுவதும் 20 மிமீ விலகி நிற்கும் இரண்டு வெளித்தாள்களிடம்தான் இருக்கிறது. லேசாக ஈரப்படுத்திச் சில நிமிடம் விட்டால் பல போர்டுகளில் தாள் உரியும். நுரையோடு பிய்ந்து வந்தால் நிறுத்திவிடுங்கள்.

இரண்டு பாதிகளின் உள்முனைகளையும் 'வி' கோணத்துக்குச் சாய்த்து வெட்டி, 3 மிமீ ப்ளைவுட் இணைப்புத் துண்டு வைத்து ஒட்டிய பின், அடிப்பக்கத்தில் நார் டேப்பை நீளவாக்கில் ஒட்டுங்கள். இழுவிசை அதிகம் விழும் இடம் இதுதான்.

பசையில்தான் பலர் எடையைக் கோட்டைவிடுகிறார்கள். 11 மிமீ விட்டம், 200 மிமீ நீளமுள்ள ஒரு ஹாட் க்ளூ குச்சி சுமார் 18 கிராம், அதாவது ஒரு சர்வோ ஜோடியின் எடை. கோடுபோல் இழுத்து, ஒட்டுவதற்கு முன் பழைய அட்டைத் துண்டால் வழித்துவிட வேண்டும். குறைந்த சூட்டு க்ளூ கன் போதும். அதிகச் சூடு நுரையை உருக்கிப் பள்ளமாக்கும். சாதாரண சூப்பர் க்ளூவும் பாலிஸ்டைரீனைக் கரைக்கும்.

வாலில் ஒவ்வொரு கிராமுக்கும் விலை அதிகம். எடைமையத்துக்கு 500 மிமீ பின்னால் 10 கிராம் கூடினால், 200 மிமீ முன்னால் உள்ள மூக்கில் 25 கிராம் ஈடுகட்ட வேண்டும். மொத்தம் 35 கிராம். அதனால் சர்வோக்கள் இறக்கைக்கு அடியில் இருக்கட்டும், மெல்லிய கம்பி மட்டும் வால்வரை போகட்டும். கிடைவால் 3.6 சதுர டெசிமீட்டர், செங்குத்து வால் 1.6 போதும். எலிவேட்டர் கீலுக்கு ஒரு பக்கத் தாளை விட்டுவிட்டு மற்றதை வெட்டி, நுரையை 45 டிகிரி சாய்த்துச் சீவி, கீல்மேல் டேப் ஒட்டுங்கள். கீலோ கம்பியோ ஆடினால் வேகத்தில் எலிவேட்டர் படபடவென்று அதிர்ந்து பிய்த்துக்கொள்ளும்.

எடைமையம் முன்விளிம்பிலிருந்து 45 முதல் 54 மிமீக்குள் இருக்க வேண்டும். 110 கிராம் பேட்டரியை 40 மிமீ நகர்த்தினால் மையம் 10 மிமீ நகரும். எனவே மூக்கில் பேட்டரிக்கு அந்த அளவு நகர இடம் விட்டாலே ஈயம் சேர்க்க வேண்டியதில்லை. மோட்டாரை 3 டிகிரி கீழேயும் 2 டிகிரி வலப்புறமும் சாய்த்துப் பொருத்துங்கள். உயரத்தில் இறக்கை உள்ள விமானம் த்ராட்டில் கொடுத்ததும் மூக்கைத் தூக்கும். ப்ரொப்பெல்லரின் சுழற்சி இடப்பக்கம் இழுக்கும். அந்தச் சாய்வு இரண்டையும் சரிக்கட்டும்.

சர்வோ திசைகளைச் சரிபார்க்கும்வரை ப்ரொப்பெல்லரைக் கழற்றி வையுங்கள். டிரான்ஸ்மிட்டரை முதலில் ஆன் செய்து, பிறகே பேட்டரியை இணைக்க வேண்டும். எலிவேட்டர் மேலும் கீழும் 10 மிமீ, ரடர் இருபுறமும் 25 மிமீ அசைந்தால் போதும். காற்றில்லாத காலையில், உயர்ந்த புல் உள்ள இடத்தில், மோட்டார் இல்லாமல் கிடைமட்டமாக எறிந்து பாருங்கள். மூக்கு உயர்ந்து, நின்று, சரிந்தால் பேட்டரி 5 மிமீ முன்னே போக வேண்டும். நேராகத் தரையை நோக்கிப் பாய்ந்தால் 5 மிமீ பின்னே. நீளமாக, சீராக வழுக்கி வந்து புல்லில் அமர்ந்தால், பேட்டரி இருந்த இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு மோட்டாரை ஓட்டலாம். சராசரி 5 ஆம்பியர் ஓட்டத்தில், பேட்டரியின் 80 சதவீதத்தைச் செலவழித்தால் 12 நிமிடப் பறத்தல் கிடைக்கும். டைமரை 8 நிமிடத்துக்கு வைத்து இறக்குங்கள்.