சார்டோரியஸ்: சம்மணத் தசை

இடுப்பின் முன்பக்கத்தில், பெல்ட் அழுத்தும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஓர் எலும்பு முனை விரலுக்குத் தட்டுப்படும். அங்கே தொடங்கும் ஒரு நாடா போன்ற தசை, தொடையின் முன்புறத்தை வெளியிலிருந்து உள்ளாகச் சாய்வாகக் கடந்து, முழங்காலின் உட்புறமாக இறங்கி, அதற்குச் சற்றுக் கீழே கணைக்கால் எலும்பின் மேற்பகுதியில் முடிகிறது. மருத்துவ நூல்கள் இதைச் சார்டோரியஸ் என்கின்றன. மனித உடலின் மிக நீளமான தசை இதுதான். வளர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய அரை மீட்டர் இருக்கும்.

பெயர் லத்தீனிலிருந்து வந்தது. அம்மொழியில் ‘சார்கிரே’ என்றால் கிழிசலை ஒட்டுப்போட்டுத் தைத்தல். அதிலிருந்து பிறந்த ‘சார்டோர்’ முதலில் பழைய துணியைச் செப்பனிடுபவரையும் பின்னர் பொதுவாகத் தையற்காரரையும் குறித்தது. சார்டோரியஸ் என்பது ‘தையற்காரருக்கு உரியது’. இப்பெயரைச் சூட்டியவராகக் கருதப்படுபவர் ஆட்ரியான் வான் டென் ஸ்பீகல் (1578–1625). பிரஸ்ஸல்ஸில் பிறந்து, இத்தாலியின் பதுவாவில் உடற்கூறியல் கற்பித்தவர். தைக்கும்போது காலைக் காலின்மேல் மடித்துப் போட்டு உட்காரும் தையற்காரர்கள் இத்தசையை மிகுதியாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது அவர் காட்டிய காரணம். ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் இதே பொருளில்தான் இதை அழைக்கிறார்கள். பிரெஞ்சில் சம்மணமிட்டு உட்காருவதையே ‘தையற்காரரைப் போல உட்காருதல்’ என்பார்கள்.

வேறு விளக்கங்களும் உலவுகின்றன. கால்சட்டைக்கு அளவெடுக்கும் உட்தொடைப் பகுதியில் இத்தசை இறங்குவதால் இந்தப் பெயர் என்பது ஒன்று. தையற்காரரின் அளவு நாடாவைப் போல இருப்பதால் என்பது இன்னொன்று. காலால் மிதித்து ஓட்டும் தையல் இயந்திரத்தோடு தொடர்புபடுத்துவோரும் உண்டு. இந்தக் கடைசி விளக்கத்தைத் தயங்காமல் தள்ளிவிடலாம். பெயர் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தையல் இயந்திரம் புழக்கத்துக்கு வந்ததோ 19ஆம் நூற்றாண்டில்.

தமிழில் எப்படிச் சொல்வது? ‘தையற்காரத் தசை’ என்று நேராகப் பெயர்த்தால் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் தையற்காரருக்கும் தொடைக்கும் என்ன உறவு என்பதைத் தனியாக விளக்க வேண்டியிருக்கும். ‘தையல் தசை’ என்று சுருக்குவது இன்னும் மோசம். அறுவைச் சிகிச்சைக்குப் பின் தையல் போட்ட தசை என்றே நோயாளி எடுத்துக்கொள்வார். பழந்தமிழில் தையல் என்றால் பெண் என்ற பொருளும் இருப்பதால் குழப்பம் மேலும் கூடும்.

ஸ்பீகல் பெயர் வைத்தது தொழிலைப் பார்த்தல்ல, உட்காரும் முறையைப் பார்த்து. அந்த முறைக்குத் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறது: சம்மணம். சப்பணம் என்றும் வழங்குகிறது. எனவே ‘சம்மணத் தசை’ என்பதே பொருத்தமான பெயர் என்பது என் உறுதியான கருத்து. சம்மணமிடும்போது இடுப்பில் தொடை மேலே மடங்குகிறது, வெளிப்பக்கமாக விலகுகிறது, வெளிநோக்கித் திரும்புகிறது, முழங்கால் மடங்குகிறது. சார்டோரியஸ் செய்யும் வேலைகளைப் பாடநூலில் எடுத்துப் பார்த்தால் இதே நான்கும் இருக்கும். ஒரு சொல்லுக்குள் ஒரு தசையின் செயல் முழுவதும் அடங்கிவிடுவது கலைச்சொல் உலகில் அடிக்கடி வாய்ப்பதில்லை.

தசையைக் கண்ணால் பார்க்கவும் முடியும். நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலைச் சற்று உயர்த்தி, பாதத்தை மறுகாலின் முழங்காலை நோக்கிக் கொண்டுபோங்கள். அப்படியே முழங்காலைக் கையால் மெல்லக் கீழே அழுத்தி, அந்த அழுத்தத்துக்கு எதிராகத் தொடையை உயர்த்துங்கள். இடுப்பெலும்பு முனையிலிருந்து தொடையின் உட்புறம் நோக்கி ஒரு பட்டை விறைத்து எழும். மெலிந்த உடலில் தெளிவாகத் தெரியும். மற்றவர்கள் விரல் வைத்தால் உணரலாம். ஆனாலும் இது வலிமையான தசை அல்ல. நான்கு வேலையிலும் கைகொடுக்கிறது. எதையும் தனியாகச் சுமப்பதில்லை.

சம்மணத் தசைக்கு அடியில் கிடப்பது தொடையின் முன்புறத்தை நிரப்பும் பெருந்தசையான குவாட்ரிசெப்ஸ். லத்தீனில் இதற்கு ‘நான்கு தலை உடையது’ என்று பொருள். பைசெப்ஸை இருதலைத் தசை என்றும் ட்ரைசெப்ஸை முத்தலைத் தசை என்றும் சொல்லும் வரிசையில் இது நாற்றலைத் தசை. நால் என்பதோடு திசை சேர்ந்தால் நாற்றிசை ஆவதுபோலவே இதுவும் புணர்கிறது. இங்கே தலை என்பது தசை தொடங்கும் இடம். தலைவாசல், தலைப்பிள்ளை என்று தொடக்கத்தைக் குறிக்கும் தமிழ் வழக்கு இதற்கு இயல்பாகவே பொருந்துகிறது.

நான்கில் நடுவே நேராக இறங்குவது நேர்த்தசை. அது மட்டுமே இடுப்பு மூட்டையும் முழங்கால் மூட்டையும் சேர்த்துக் கடக்கிறது. மற்ற மூன்றும் தொடையெலும்பிலிருந்தே புறப்படுபவை. அவற்றின் பெயரிலுள்ள ‘வாஸ்டஸ்’ மிகப் பெரியது என்று பொருள்படும். புற அகல்தசை, உள் அகல்தசை, இடை அகல்தசை என்று அவற்றைச் சொல்லலாம். நான்கும் முழங்காற்சில்லில் ஒன்றுசேர்ந்து முழங்காலை நீட்டுகின்றன. 2016இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் புற அகல்தசைக்கும் இடை அகல்தசைக்கும் நடுவே இன்னொரு தசையை விவரித்தார்கள். அதை ஐந்தாம் தலையாக எண்ணுவோரும் உண்டு. எண்ணிக்கையை வைத்துப் பெயரிட்டால் வரும் சிக்கல் இது. இருந்தாலும் நாற்றலை என்ற பெயரை மாற்ற இதுவரை தேவை எழவில்லை.

தொடையின் நடுப்பகுதியில் சம்மணத் தசை ஒரு கூரையாகவும் இருக்கிறது. அதன் கீழே உள் அகல்தசைக்கும் உட்தொடைத் தசைகளுக்கும் இடையே ஒரு குறுகிய வழி. தொடையின் பெரிய தமனி இதனூடாகத்தான் முழங்காலின் பின்புறத்துக்குப் போகிறது. லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் 1785இல், முழங்காலுக்குப் பின்னால் தமனி வீங்கிப் புடைத்த ஒருவருக்கு, காலை வெட்டாமல் இவ்விடத்தில் தமனியைக் கட்டிச் சிகிச்சை செய்தார். அதனால் இவ்வழி ஹன்டரின் கால்வாய் என்று பெயர் பெற்றது. இன்றும் முழங்கால் அறுவையின்போது வலியைக் குறைக்க மயக்கவியல் மருத்துவர்கள் இங்கே ஊசி போடுகிறார்கள். ஊசி எங்கே இறங்க வேண்டும் என்பதை அல்ட்ராசவுண்ட் திரையில் சம்மணத் தசையைப் பார்த்துத்தான் கண்டுகொள்கிறார்கள்.

இனி உட்தொடை. இங்குள்ளவற்றை அட்டக்டர் என்பார்கள். லத்தீனில் ‘ஆட்’ என்றால் நோக்கி, ‘டூகெரே’ என்றால் இட்டுச் செல்லுதல். காலை உடலின் நடுக்கோட்டை நோக்கி இழுப்பவை. இதற்கு எதிர்ச்சொல் அப்டக்டர். ‘ஆப்’ என்றால் விலகி. ஓர் எழுத்தில் பொருள் தலைகீழாகிவிடுவதால், மருத்துவமனைகளில் முதல் எழுத்துகளைப் பிரித்துச் சொல்லிக்காட்டும் வழக்கமே இருக்கிறது. தமிழில் உள்ளிழு தசை, வெளியிழு தசை என்று சொல்லிவிட்டால் காது ஏமாற இடமில்லை. சம்மணமிடும்போது தொடைகள் விலகுகின்றன. கால்மேல் கால் போட்டு உட்காரும்போது தொடையை உள்ளே கொண்டுவருபவை இந்த உள்ளிழு தசைகள். நடக்கும்போதும் இடுப்பு தள்ளாடாமல் பிடித்துக்கொள்வதில் இவற்றுக்குப் பங்குண்டு. இக்கூட்டத்தில் நீள், குறு, பெரு என்று அளவால் பெயர்பெற்ற மூன்று இருக்கின்றன. கால்பந்து ஆடுபவர்களுக்குத் தொடை இடுக்கில் தசை பிடித்துக்கொள்வதாகச் சொன்னால், பெரும்பாலும் அடிபட்டிருப்பது நீள் உள்ளிழு தசை. மேலே பெக்டினியஸ் என்ற சிறு தசை இருக்கிறது. பெக்டென் என்றால் சீப்பு. அது தொடங்கும் எலும்பு விளிம்புக்கு அப்பெயர்.

எல்லாவற்றுக்கும் உட்புறத்தில் மெல்லிய பட்டையாக இறங்குவது கிராசிலிஸ். ஒல்லியானது என்று பொருள். இதை மென்தசை என்று எழுதக்கூடாது. குடலிலும் இரத்தக் குழாய்ச் சுவரிலும் உள்ள வரியற்ற தசைக்குப் பாடநூல்கள் அப்பெயரைக் கொடுத்துவிட்டன. ஒல்லித் தசை என்பதே சரி. இதை எடுத்துவிட்டாலும் மற்ற உள்ளிழு தசைகள் ஈடுகட்டுவதால், முகவாதத்தில் சிரிப்பை இழந்தவர்களின் முகத்துக்கு இத்தசையின் ஒரு துண்டை நரம்போடும் இரத்தக் குழாயோடும் மாற்றி வைக்கிறார்கள்.

சம்மணத் தசையும் ஒல்லித் தசையும் முழங்காலுக்குக் கீழே சந்திக்கின்றன. பின்தொடைத் தசை ஒன்றின் தசைநாணும் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) அங்கே வந்து சேர, மூன்றும் விரிந்து கணைக்கால் எலும்பில் பற்றுகின்றன. மூன்றுக்கும் நரம்பு வெவ்வேறு: ஒன்றுக்குத் தொடை நரம்பு, ஒன்றுக்கு இடுப்பெலும்புத் துளை வழியே வரும் நரம்பு, மூன்றாவதற்குப் பின்தொடையில் ஓடும் பெருநரம்பின் கிளை. லத்தீன் நூல்கள் இவ்விடத்தைப் பெருவாத்தின் பாதம் என்கின்றன. ஓட்டக்காரர்களுக்கு முழங்கால் மூட்டுக்குச் சில சென்டிமீட்டர் கீழே உட்பக்கத்தில் வரும் வலிக்கு இங்குள்ள சிறு நீர்ப்பையின் அழற்சி ஒரு காரணம். மூன்று ஆறுகள் சேரும் இடத்தை முக்கூடல் என்கிற நாம், இதை முந்நாண் கூடல் என்று சொல்லலாம்.