ஆறு வாரம் இலைத் தண்ணீர்

இந்த மாதத்தில் இப்படி வந்த மூன்றாவது சர்க்கரை நோயாளி இவர். மெட்ஃபார்மின் மாத்திரையையும் இரவு இன்சுலினையும் நிறுத்திவிட்டு ஆறு வாரமாக இலை வேகவைத்த தண்ணீர் மட்டும். குளுக்கோமீட்டர் 27 காட்டியது. மொரிஷியஸில் நாம் மில்லிமோலில் அளக்கிறோம். இந்தியக் கணக்குப்படி அது 490க்குப் பக்கம். செருப்பு கடித்த புண்ணோடு கட்டைவிரல் கருத்திருந்தது. "வலியே இல்லை டாக்டர்" என்றார். ஐயா, நரம்பு மரத்துப்போய் வலிக்காததுதானே வினையே!

கூட வந்த மகள் ஃபோனை நீட்டினாள். இலைத் தண்ணீர் சர்க்கரையைக் குணமாக்கும் என்று ஒரு வாட்ஸ்அப் வீடியோ. "லேப்ல டெஸ்ட் பண்ணி நிரூபிச்சிருக்காங்க டாக்டர்."

அந்த 'நிரூபிச்சிருக்காங்க'தான் எனக்கு ரத்தக் கொதிப்பை ஏற்றுகிறது. சோதனை நடந்தது உண்மைதான். முருங்கை, பாகல், நாவல், கறிவேப்பிலை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் யாருக்குக் கொடுத்து? பெரும்பாலும் எலிக்கு. அலாக்சன், ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற ரசாயனங்களில் ஒன்றை ஊசி போட்டால், இன்சுலின் சுரக்கும் செல்கள் அழிந்து ஓரிரு நாளில் எலிக்குச் சர்க்கரை ஏறிவிடும். உங்களுடையது பரம்பரையும் ஃபராட்டா ரொட்டியும் சேர்ந்து இருபது வருடம் வளர்த்தது. இரண்டும் ஒன்றா?

எலிக்குக் கொடுப்பது கஷாயமும் இல்லை. பல ஆய்வுகளில் இலையை எத்தனாலிலோ மெத்தனாலிலோ ஊறவைத்து, வடிகட்டி, வற்றவைத்த சாறு. ஒரு கிலோ எடைக்கு 200, 400 மில்லிகிராம் என்று மூன்று நான்கு வாரம் புகட்டுவார்கள். 400ஐ எடுத்துக்கொண்டு, எலிக்கும் மனிதனுக்கும் உள்ள விகிதப்படி குறைத்தாலும், 70 கிலோ ஆளுக்குத் தினமும் நாலரை கிராம் சாறு வேண்டும். இலையில் பத்தில் ஒரு பங்கு சாறாகத் தேறினால், 45 கிராம் காய்ந்த இலை. நீங்கள் போடுவது ஒரு பிடி பச்சை இலை!

"டாக்டர்களுக்கு இலை என்றாலே ஆகாது" என்பார்கள். நீங்கள் நிறுத்திய மெட்ஃபார்மினின் பூர்வீகமே ஒரு செடிதான், கலேகா. அதிலிருந்த கலெகின் என்ற பொருளை 1920களில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, நச்சுத்தன்மை காரணமாகக் கைவிட்டார்கள். அதற்கு உறவான மெட்ஃபார்மினை 1922இல் தயாரித்தார்கள். பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் மனிதர்களிடம் அதன் பலனை வெளியிட்டது 1957இல். முப்பத்தைந்து வருடம்! வீடியோக்காரருக்கு மூன்று நிமிடம் போதுமாக இருக்கிறது.

இலை ஒன்றுமே செய்யாவிட்டால்கூடப் பரவாயில்லை. சிலது சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கும். கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு அதையும் குடித்தால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, விடிகாலையில் வியர்த்து, உளறி, தூக்கிக்கொண்டு வருவார்கள். 'மூலிகைப் பொடி' ஒரே வாரத்தில் அற்புதம் செய்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்; அதே கிளிபென்கிளமைடை இடித்துக் கலந்த பொடிகள் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. பிலிம்பி என்ற புளிப்புக் காயின் ஊறுகாய் ஒரு கரண்டி சாப்பிடுங்கள், ஆனால் கொழுப்பு கரையும் என்று சாற்றைத் தம்ளர் கணக்கில் குடிக்காதீர்கள். அதிலுள்ள ஆக்சலேட் என்ற உப்பு படிந்து சிறுநீரகம் போய்விடும்.

முருங்கைக்கீரையைத் தாராளமாகச் சமையுங்கள், கறிப்புலே (கறிவேப்பிலைதான்) இல்லாமல் எனக்கும் குழம்பு இறங்காது. மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். குழந்தைக்கு டைப் 1, அதாவது உடலில் இன்சுலினே சுரக்காத வகை, என்றால் இன்சுலினை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது, பாட்டியே சொன்னாலும் சரி. ராத்திரி பட்டினி கிடந்து காலையில் குத்திப் பார்த்து "இறங்கிடுச்சு" என்று கொண்டாட வேண்டாம். மூன்று மாதக் கணக்கு எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தினமும் இரவு பாதத்தைப் பாருங்கள், குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எதைக் குடித்தாலும் மறைக்காதீர்கள், அம்மா, ஐயா. போத்தலையோ பொட்டலத்தையோ கையோடு கொண்டு வாருங்கள். திட்டமாட்டேன். போன வாரம் திட்டினேன், ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கட்டைவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.